ஊசி என் அனுமதிச் சீட்டு அல்ல

அது நன்னூல் பாயிரம் பற்றிய இணையவழி உரை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பாதி தைத்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கேமராவை மூடவில்லை. பத்து நிமிடத்தில் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது: “அம்மா, தையலை அப்புறம் வைத்துக்கொள்ளலாமே. பேசுபவருக்குக் கவனம் சிதறுகிறது.” அதே திரையில் ஒருவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். இன்னொருவர் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார். அவர்களால் சிதறாத கவனம் என் ஊசியால் சிதறிவிட்டது.

பேசுபவர் அப்போது விளக்கிக்கொண்டிருந்தது யாரை என்கிறீர்கள்? நூல் நூற்கும் பெண்ணை. நூல் எப்படி உருவாகிறது என்று சொல்லவந்த பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சு என்கிறார். செய்யுளை இழை என்கிறார். புலவனின் வாய்தான் கை, அறிவுதான் கதிர். புலவன்தான் நூற்கும் பெண். 13ஆம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியருக்குக் கைவேலையும் கல்வியும் பகையாகத் தெரியவில்லை. ஆனால் உவமையில் பெண், பொருளில் ஆண். நூற்றாண்டுகளாக இதைப் பாடம் நடத்துகிறோம். உவமையில் இருந்தவள் எழுந்துவந்து வகுப்பில் உட்கார்ந்தால், கையில் இருப்பதை வெளியே வைத்துவிட்டு வா என்கிறோம். தமிழில் தையல் என்றாலே பெண் என்றும் பொருள். அவள் சொல்லைக் கேட்காதே என்று ஆத்திசூடியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். இப்போது அவள் எதையும் கேட்கவும் கூடாது போலும்.

என் கவனத்தைப் பற்றி நானே சொல்கிறேன். அந்தப் போர்வையில் அம்மாவின் சுங்குடி இருக்கிறது. உறையூர்ச் சேலை ஒன்றின் கிழியாத முந்தி இருக்கிறது. தையல்காரரிடம் கேட்டு வாங்கிய ரவிக்கை வெட்டுத்துணிகள் இருக்கின்றன. உள்ளே இரண்டு பழைய நூல் புடவைகளை மடித்து வைத்து, மேலே துண்டுகளைப் பொருத்தி, ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை பழகிவிட்டால் காது முழுவதும் உரைக்குத்தான். எந்த வரிசையைத் தைக்கும்போது எந்த உரையைக் கேட்டேன் என்று இன்றும் விரல்வைத்துச் சொல்வேன்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் என் தையலுக்குத் தடை இருந்ததே இல்லை. தடையெல்லாம் கேட்பதற்குத்தான். வெறுங்கையோடு ஓர் உரையைக் கேட்க உட்கார்ந்தால், “சும்மாதானே உக்காந்திருக்க, இந்தக் கீரையைக் கொஞ்சம் ஆஞ்சு குடும்மா” என்பார் அத்தை. ஊசி கையில் இருந்தால் யாரும் கூப்பிடமாட்டார்கள். தைப்பது வேலை, கேட்பது சும்மா இருப்பது. பல ஆண்டுகளாக இந்த ஊசியைக் காட்டித்தான் ஒரு மணி நேரம் வாங்கினேன். முனைவர் பட்டமும் கல்லூரி வேலையும் வாங்கித் தராத ஒரு மணி நேரத்தை, ஒரு ரூபாய் ஊசி வாங்கித் தந்தது. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். இன்று வெட்கமாக இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 299 நிமிடம் உழைத்தவள் அறுபது நிமிடம் உட்காருவதற்குக் கையில் ஒரு சாட்சி வைத்திருக்க வேண்டுமா?

சங்கப் பாட்டில் நூல் நூற்றவர்கள் யார்? நற்றிணை அவர்களை ஆண் துணையில்லாத பெண்கள் என்கிறது. அவர்கள் நூற்ற நுண்ணிய நூல் மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை ஆயிற்று. புறநானூற்றில் ஒரு பருத்திப் பெண் இரவில் எழுந்து, சிறு விளக்கொளியில் குப்பையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். இன்று தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. அந்த இயந்திரம் எத்தனையோ வீடுகளில் உலை வைத்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் பெண் கையில் நூல் இருப்பதற்கு நாம் ஒத்துக்கொண்ட காரணங்கள் இரண்டே: கடமை, வயிறு. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

முற்போக்குத் தோழிகளும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். “இதையெல்லாம் விட்டுவிட்டுத்தானே படிக்க வந்தோம்?” என்றார் ஒருவர். அவர் கோபம் புரிகிறது. பையன்கள் மைதானத்தில் இருந்தபோது தையல் வகுப்பில் அடைக்கப்பட்ட தலைமுறை அது. ஆனால் கட்டாயப்படுத்தியவர்களை விட்டுவிட்டு ஊசியைத் திட்டி என்ன பயன்? இன்னொரு தோழி, 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் சிலே நாட்டுப் பெண்கள் காணாமற்போனவர்களின் உடைத் துண்டுகளைக் கொண்டு தைத்த படங்களை நினைவூட்டி, “உன் போர்வையும் எதிர்ப்புக் கலைதான்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பினோசேயின் ஆட்சியில் உயிரைப் பணயம் வைத்துத் தைத்தவர்களின் பெருமையில் எனக்குப் பங்கு கிடையாது. என் போர்வை புரட்சி இல்லை. விற்பனைக்கும் இல்லை. மார்கழியில் போர்த்திக்கொள்வதற்கு. அதைத் தைக்க எனக்குப் பிடிக்கும். தைத்துக்கொண்டே உரை கேட்க இன்னும் பிடிக்கும். இதற்குமேல் ஒரு காரணம் கேட்கிறவர்கள், கிரிக்கெட் பார்க்கும் ஆண்களிடம் போய் முதலில் கேட்டுவிட்டு வரட்டும்.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். தைக்கப் பிடித்தால் தையுங்கள். பிடிக்காவிட்டால் ஊசியைத் தொடாதீர்கள். ஆனால் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு வேலையைச் சாக்காக வைக்காதீர்கள். நான் வைத்தேன், அதனால் என் வீட்டில் கேட்பது இன்றுவரை ஒரு செயலாக மதிக்கப்படவில்லை.

போன வாரம் போர்வை முடிந்தது. அடுத்த உரைக்கு வெறுங்கையோடு உட்கார்ந்தேன்.

“என்னம்மா, சும்மா இருக்க?”

“சும்மா இல்லை அத்தை, கேட்டுக்கிட்டிருக்கேன்.”

உரை முடியும்வரை கீரைக்கட்டு மேசைமேலேயே இருந்தது. அதை ஆய்வதற்கு எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள்.