கணக்குப் போட்டால் குற்றமா?

சூதாட்டக்கூடத்தில் ஸ்மார்ட் கண்ணாடி, ஸ்மார்ட் வாட்ச் எதையும் விடக்கூடாது என்கிறார்கள். சரிதான். மறைகேமராவில் அடுத்தவன் சீட்டைப் பார்த்துக் கூட்டாளிக்குச் சொல்வது பச்சைத் திருட்டு. அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் தடையின் பழைய கதை வேறு. 1961-இல் கிளாட் ஷானனும் எட்வர்ட் தார்ப்பும் சிகரெட் பெட்டி அளவில் ஒரு கணினி செய்து லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோனார்கள். ரூலெட் சக்கரத்தருகே நிற்பவர் ஷூவுக்குள் கால்விரலால் சுவிட்சை அமுக்குவார். பந்தயம் கட்டுபவர் காதில் ஒலி கேட்கும். பந்தையோ சக்கரத்தையோ தொடவில்லை. கணக்குத்தான் போட்டார்கள். 1985-இல் நெவாடா அப்படிப்பட்ட கருவிகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

கூடம் மட்டும் கணக்குப் போடாமலா இருக்கிறது? ஒற்றைச் சுழியம் உள்ள ரூலெட்டில் 37 எண்கள். ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்குதான். கட்டும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் சராசரியாக 2.70 வெள்ளி கூடத்துக்கு. அதற்குப் பெயர் ஏமாற்று இல்லை, வியாபாரம்.

எங்க மாமா சிங்கப்பூரர். உள்ளே நுழையவே 150 வெள்ளி கட்டுவார். இந்த 2.70-ஐ விளக்கினால், "போடா, படிச்ச திமிரு. இன்னிக்குக் கண்டிப்பா விழும்" என்பார். எவ்வளவு விட்டோம் என்று அவருக்கே தெரியாது. உறுப்பினர் அட்டையைத் தேய்க்கும் கூடத்துக்குத் தெரியும்.

தடை போடுங்கள். கூடவே, வாசலில் மாமாவின் கண்ணாடியைக் கழற்றச் சொல்பவர்கள், அவர் இதுவரை விட்ட தொகையையும் அங்கேயே திரையில் காட்டட்டும். பிறகு அவர் முடிவு செய்யட்டும்.