கென்யாவின் ஸ்டீவ் டிகோலோ: 15 வருஷம் ஆடியும் 'பெர்மனென்ட்' ஆகாத பேட்ஸ்மேன்

2011 பிப்ரவரி 20. சென்னை சேப்பாக்கம் மைதானம். உலகக்கோப்பை போட்டியில் நியூசிலாந்தை எதிர்த்து ஆடிய கென்யா 69 ரன்னில் சுருண்டது. 24 ஓவர்கூட தாக்குப்பிடிக்கவில்லை. பதிலுக்கு ஆடிய நியூசிலாந்து, எட்டே ஓவரில் விக்கெட் இழப்பின்றி வெற்றி பெற்றது. டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் சீட்டில் சரியாக உட்காருவதற்குள் மேட்ச் முடிந்தது.

இதுபோன்ற டீமை எல்லாம் உலகக்கோப்பைக்கு ஏன் கூப்பிட வேண்டும் என்று கேட்கத்தான் தோன்றும்.

ஆனால் அன்று தோற்ற 11 பேரில் ஒருவருக்கு வயது 39. பெயர் ஸ்டீவ் டிகோலோ. அதற்கு 8 வருஷம் முன்பு, 2003-ல், இதே கென்யாவை உலகக்கோப்பை அரையிறுதி வரை கூட்டிப் போன கேப்டன் அவர்தான். அரையிறுதிக்குப் போன அணி 69 ரன்னுக்கு எப்படி வந்தது? டிகோலோவின் கிரிக்கெட் வாழ்க்கையைப் புரட்டினால் பதில் கிடைக்கும்.

அண்ணன்கள் வழியில் வந்த தம்பி

டிகோலோ 1971-ம் ஆண்டு கென்யா தலைநகர் நைரோபியில் பிறந்தவர். அண்ணன்கள் டாம், டேவிட் இருவருமே கென்யாவுக்கு ஆடியவர்கள்.

கென்யாவில் கால்பந்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும்தான் மவுசு. கிரிக்கெட்டை பல காலம் கட்டிக் காத்தது அங்கே குடியேறிய இந்திய வம்சாவளியினரின் கிளப்புகள்தான். மைதானத்தை ஒட்டி வசித்த கருப்பின குடும்பத்துப் பையன்கள் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். டிகோலோ, ஒடும்பே, ஒபுயா, சுஜி என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அண்ணன் தம்பிகளாக டீமுக்குள் வந்தது அப்படித்தான். ஸ்வாமிபாபா என்ற கிளப்புக்கு ஆடினார் டிகோலோ. தென் ஆப்பிரிக்காவின் பார்டர் அணிக்கும் போய் ஆடி கையைப் பழக்கிக்கொண்டார்.

முதல் மேட்சிலேயே இந்தியாவுக்கு எதிராக 65

1996 உலகக்கோப்பைதான் கென்யாவுக்கு முதல் உலகக்கோப்பை. முதல் மேட்ச் கட்டாக்கில், இந்தியாவுக்கு எதிராக. தெண்டுல்கர் 127 ரன் விளாசி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். அந்த மேட்சில் கும்ப்ளேயின் சுழலைத் தாங்கி நின்று 65 ரன் அடித்தவர் டிகோலோ. சர்வதேச போட்டியில் அவருக்கு அதுதான் முதல் நாள்.

அடுத்து பிப்ரவரி 29-ந்தேதி புனேயில் நடந்ததை உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. கென்யா எடுத்தது வெறும் 166 ரன். லாரா, ரிச்சர்ட்சன், ஆம்புரோஸ், வால்ஷ் என ஜாம்பவான்கள் நிறைந்த வெஸ்ட் இண்டீஸ் 93 ரன்னில் மண்ணைக் கவ்வியது. கேப்டன் மாரிஸ் ஒடும்பே 3 விக்கெட் சாய்த்தார்.

ஒரு வாரம் கழித்து கண்டியில் இலங்கை 398 ரன் குவித்தது. அப்போது அது உலக சாதனை. அந்த மலையைப் பார்த்தும் மிரளாமல் 96 ரன் அடித்தார் டிகோலோ. 4 ரன்னில் சதம் போச்சு. ஆனால் 'யார் இந்த ஆளு?' என்று எல்லாரும் கேட்டார்கள்.

147 அடித்தும் கோப்பை இல்லை

1997 ஏப்ரல். மலேசியாவின் கோலாலம்பூரில் ஐ.சி.சி. கோப்பை இறுதிப்போட்டி. கென்யாவுக்கும் வங்காளதேசத்துக்கும் மோதல். கென்யா அடித்த 241 ரன்னில் 147 ரன் டிகோலோ ஒருவர் அடித்தது. பிறகு மழை வந்தது. வங்காளதேசத்துக்கு 25 ஓவரில் 166 என்று இலக்கு மாற்றப்பட்டது. கடைசி பந்தில் ஒரு ரன் தேவை. அந்த ஒரு ரன்னையும் ஓடி எடுத்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது வங்காளதேசம்.

அங்கிருந்து இரண்டு நாடுகளின் பாதையும் பிரிந்தது. வங்காளதேசம் 1999 உலகக்கோப்பையில் பாகிஸ்தானை வீழ்த்தியது. கென்யாவோ அந்த உலகக்கோப்பையில் ஆடிய 5 மேட்சிலும் தோற்றது. 2000-ம் ஆண்டு வங்காளதேசத்துக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது.

அது வெறும் ஆட்டத்தை வைத்து மட்டும் கிடைத்ததும் இல்லை. வங்காளதேசத்தில் கோடிக்கணக்கான ரசிகர்கள். மைதானம் நிரம்பும், டி.வி.க்கு வருமானம் வரும். நைரோபி ஜிம்கானா மைதானத்தில் அந்தக் கூட்டம் கிடையாது. ஆனால் திறமையில் கென்யா குறைந்திருந்ததா? 1998-ல் குவாலியரில் இந்தியாவை 69 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. 2001-ல் தென் ஆப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் மறுபடியும் இந்தியாவை 70 ரன் வித்தியாசத்தில் சாய்த்தது.

கம்பெனியில் இரண்டு பேர் ஒரே வேலை செய்கிறார்கள். ஒருவர் பெர்மனென்ட், இன்னொருவர் காண்டிராக்ட். காண்டிராக்ட் ஆள் எவ்வளவு ஓவர்டைம் பார்த்தாலும் நாளைக்கு வேலை உண்டா என்பது கேட்டுக்கு வந்தால்தான் தெரியும். கென்யாவின் நிலைமை அதுதான்.

2003: கென்யா கலக்கிய வருஷம்

2003 உலகக்கோப்பையை தென் ஆப்பிரிக்காவோடு சேர்ந்து ஜிம்பாப்வேயும் கென்யாவும் நடத்தின. கேப்டன் டிகோலோ. பயிற்சியாளர் நம்ம ஊர் சந்தீப் பாட்டீல்.

பாதுகாப்பு பயத்தில் நியூசிலாந்து நைரோபிக்கு வர மறுத்தது. ஆடாமலேயே கென்யாவுக்கு புள்ளி கிடைத்தது. 'ஓசியில் போன டீம்' என்று கிண்டல் செய்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் மற்றதெல்லாம் ஆடி ஜெயித்தது. கனடாவை வென்றது. நைரோபியில் இலங்கையை 53 ரன் வித்தியாசத்தில் கவிழ்த்தது. லெக் ஸ்பின்னர் காலின்ஸ் ஒபுயா 24 ரன் கொடுத்து 5 விக்கெட் அள்ளினார். டெஸ்ட் அந்தஸ்து வாங்கிய வங்காளதேசத்தையும் வீழ்த்தியது. சூப்பர் சிக்ஸ் சுற்றில் ஜிம்பாப்வேயை 7 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தது.

மார்ச் 20-ந்தேதி டர்பனில் இந்தியாவுடன் அரையிறுதி. கங்குலி ஆட்டமிழக்காமல் 111, தெண்டுல்கர் 83. இந்தியா 270 ரன் எடுத்தது. கென்யா 179 ரன்னில் ஆட்டமிழந்தது. கேப்டன் டிகோலோ 56 ரன் அடித்துப் போராடினார். 50 ஓவர் உலகக்கோப்பையில் டெஸ்ட் அந்தஸ்து இல்லாமல் அரையிறுதி வரை போன ஒரே நாடு கென்யாதான். அந்த சாதனையை இதுவரை யாரும் தொடவில்லை.

ஜெயித்த பிறகு வேலையே இல்லை!

இங்கேதான் கதை தலைகீழாகப் போகிறது. அரையிறுதிக்குப் போன அணியை மற்ற நாடுகள் வரிசையில் நின்று ஆடக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. 2004 செப்டம்பரில் சாம்பியன்ஸ் கோப்பையில் ஆடிய கென்யாவுக்கு, அடுத்த ஒருநாள் போட்டி கிடைத்தது 2006-ல்தான். ஒரு வருஷத்துக்கும் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. அப்போது டிகோலோவுக்கு 33, 34 வயது. ஒரு பேட்ஸ்மேன் அனுபவமும் உடம்பும் சேர்ந்து உச்சத்தில் இருக்கும் காலம்.

பழியை ஐ.சி.சி. மீதும் பெரிய நாடுகள் மீதும் மட்டும் போட்டால் அது நியாயம் இல்லை. கென்யாவுக்குள்ளேயே ஏகப்பட்ட ஓட்டை. சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கிய புகாரில் மாரிஸ் ஒடும்பேவுக்கு 2004-ல் 5 வருஷ தடை விழுந்தது. சம்பளத்துக்காக வீரர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். நிர்வாகத்தில் கோஷ்டி சண்டை முற்றி, 2005-ல் புது அமைப்பையே உருவாக்க வேண்டியதாயிற்று. 2003-ல் வந்த பேரும் பணமும் பள்ளிக்கூடங்களுக்கும் புது மைதானங்களுக்கும் போய்ச் சேரவில்லை. நைரோபியை விட்டு வெளியே ஆட்டம் பரவவில்லை. பழைய ஆட்கள் ஓய்ந்தபோது அந்த இடத்துக்கு வர ஆள் இல்லை.

2003 ஹீரோ காலின்ஸ் ஒபுயாவுக்கு இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் கவுண்டி வாய்ப்பு கொடுத்தது. காயம் குறுக்கே வந்தது. பிறகு அந்த சுழல் திரும்பவே இல்லை. ஆனாலும் மனுஷன் விடவில்லை, பேட்ஸ்மேனாக மாறி 2011-ல் பெங்களூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 98 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

தோற்றுத் தோற்று கற்ற வங்காளதேசம்

வங்காளதேசம் என்ன ஆனது? 2000-ல் முதல் டெஸ்ட் ஆடிய அந்த அணிக்கு முதல் டெஸ்ட் வெற்றி கிடைத்தது 2005 ஜனவரியில்தான். நடுவில் வாங்கிய அடிக்கு கணக்கே இல்லை. 2003 உலகக்கோப்பையில் கனடாவிடம்கூட தோற்றது. ஆனாலும் மேட்ச் வந்துகொண்டே இருந்தது. பெரிய பவுலர்களை வருஷம் முழுக்க சந்தித்தார்கள். 2007 உலகக்கோப்பையில் இந்தியாவையே தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தோற்றாலும் அடுத்த மேட்ச் உண்டு என்பதுதான் டெஸ்ட் அந்தஸ்தின் உண்மையான மதிப்பு. கென்யா ஜெயித்தும் அது கிடைக்கவில்லை.

ஒற்றை ஆளாக இழுத்த வண்டி

டிகோலோ 5 உலகக்கோப்பை ஆடினார். ஒருநாள் போட்டிகளில் 3,400 ரன்னுக்கு மேல், 3 சதம். ஆஃப் ஸ்பின் போட்டு 90 விக்கெட்டுக்கு மேல் எடுத்திருக்கிறார். சராசரி 30-க்கும் கீழேதான். பெரிய அணியில் இருந்தால் அது சாதாரணம். முன்னால் இரண்டு விக்கெட் சரிந்த பிறகு உள்ளே வந்து, பின்னால் துணைக்கு ஆள் இல்லாமல் அடித்த ரன் இது. அவரைத் தூக்கிவிட்டால் பாதி கென்யா காலி என்று எதிரணிக்குத் தெரியும். 2007 உலகக்கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 76 ரன் அடித்தபோதும் அதே நிலைமைதான். டெஸ்ட் ஆடாத நாடுகளில் அந்தக் காலத்தின் சிறந்த பேட்ஸ்மேன் என்று பேர் வாங்கியவர், ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் போனார்.

கடைசி உலகக்கோப்பை மேட்ச், 2011 மார்ச் 20, கொல்கத்தாவில் ஜிம்பாப்வேயுடன். கென்யாவுக்கு 161 ரன் வித்தியாசத்தில் தோல்வி. டர்பன் அரையிறுதி நடந்து சரியாக 8 வருஷம். அதே நாள் சேப்பாக்கத்தில் யுவராஜ்சிங் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக சதம் அடித்ததால், டிகோலோ போனதை இங்கே யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2013-ல், 42 வயதில், டி20 தகுதிச் சுற்றுக்காக நாடு மறுபடி அவரைத்தான் கூப்பிட்டது. அதற்கும் கென்யா தேறவில்லை. 2014-ல் ஒருநாள் அந்தஸ்தும் பறிபோனது.

இப்போது வருகிறவர்களுக்கு என்ன இருக்கு?

ஐ.பி.எல். 2008-ல் தொடங்கியபோது டிகோலோவுக்கு 36 வயது. பத்து வருஷம் தாமதமாக வந்த பஸ் அது. நெதர்லாந்தின் டென் டஸ்கட் கொல்கத்தா அணியில் ஆடினார். நேபாளத்தின் சந்தீப் லமிச்சானே 2018-ல் டெல்லி அணிக்கு வந்தார். சின்ன நாட்டு வீரனுக்கு இப்போது சம்பாதிக்க வழி இருக்கிறது. ஆப்கானிஸ்தானும் அயர்லாந்தும் 2017-ல் டெஸ்ட் அந்தஸ்தே வாங்கிவிட்டன.

ஆனால் 2007-ல் 16 அணிகள் ஆடிய 50 ஓவர் உலகக்கோப்பை, 2019, 2023-ல் 10 அணிகளாகச் சுருங்கியது. 2027-ல் மறுபடி 14. போட்டி நடப்பது தென் ஆப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில். 2003-ல் போட்டியை நடத்திய கென்யாவின் இடத்தில் இப்போது நமீபியா.

டிகோலோ பிறகு பக்கத்து நாடான உகாண்டாவுக்கு பயிற்சியாளராகப் போனார். அந்த உகாண்டா 2024 டி20 உலகக்கோப்பைக்கு தகுதி பெற்று பப்புவா நியூ கினியாவை ஜெயித்தும் காட்டியது. இனி உகாண்டாவுக்கும் நேபாளத்துக்கும் நமீபியாவுக்கும் வேண்டியது கைதட்டல் மட்டும் இல்லை. வருஷத்துக்கு இத்தனை மேட்ச் என்று உறுதியாகக் கிடைக்க வேண்டும், வரும் பணம் பையன்கள் ஆடும் மைதானத்துக்குப் போக வேண்டும். அந்த இரண்டும் இல்லாவிட்டால், இன்று பெரிய அணியைக் கவிழ்க்கும் ஏதோ ஒரு சின்ன நாடு, எட்டு வருஷம் கழித்து 69 ரன்னில் சுருளும். அன்றைக்கும் 'இவங்களை ஏன் கூப்பிட்டாங்க?' என்றுதான் கேட்பார்கள்.