சான்றிதழ் இருக்கிறது, கணக்கு இல்லை

திருப்பூரில் ஐந்து சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை, அதில் ஒன்றில் கம்ப்யூட்டரைத் திறந்தால் டாலி கணக்கு ஃபைல்களின் பெயருக்கெல்லாம் வால் முளைத்து, எதுவும் திறக்காமல் பூட்டிக்கிடந்தது. பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருந்தது. "பேக்கப் இருக்குதுங்கல்ல தம்பி?" என்றார் முதலாளி. இருந்தது. தினமும் எடுத்தேன், ஆனால் பென்டிரைவை ஒருநாளும் கழற்றவில்லை. அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது. அவர் தலைக்கு மேல், நான்கு மாதம் முன்பு நாங்கள் போய்வந்த சைபர் பாதுகாப்பு முகாமின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

விற்பனை விவரத்தை ஜிஎஸ்டி தளத்திலிருந்து மீட்டோம். ஜாப் ஒர்க் கூலிக் கணக்கு எங்கே கிடைக்கும்? துண்டுச்சீட்டுகளைத் தேடி மறுபடி ஏற்றப் பத்தொன்பது நாள் ஆனது.

முகாமைக் குறை சொல்லவில்லை. பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்று அங்கேதான் கற்றேன். ஆனால் இணையத் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 உத்தரவு எங்கள் இருவருக்குமே தெரியாது. முகாமின் பலனை வந்தவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால், நாங்கள் இருவரும் வெற்றிப் பட்டியலில்தான் இருப்போம்!

பலனை வேறு விதமாகவும் அளக்கலாம். பிரிட்டன் 2014-இல் 'சைபர் எசென்ஷியல்ஸ்' சான்றிதழைக் கொண்டுவந்தது. ஃபயர்வால், அப்டேட் போன்ற ஐந்தே அடிப்படைகள். அங்குள்ள சிறு நிறுவனம் ஒரு பகுதிக்கு மட்டுமின்றி முழு நிறுவனத்துக்கும் சான்று பெற்றால் காப்பீடும் சேர்ந்து கிடைக்கும். சான்று பெற்றவர்களிடமிருந்து 92 சதவீதம் குறைவான இழப்பீட்டுக் கோரிக்கைகளே வந்ததாக அந்த அரசு சொல்கிறது. இதை நான் அப்படியே நம்பமாட்டேன். சான்றிதழ் தேடிப் போகிறவர் முன்பே பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆளாக இருப்பார். ஆனாலும் அவர்கள் எண்ணுவது நஷ்டத்தை. நாம் எண்ணுவது நாற்காலியை.

முகாம் நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆறு மாதம் கழித்து, வந்தவர்களில் பத்துப் பேரின் கம்பெனிக்கும் வராதவர்களில் பத்துப் பேரின் கம்பெனிக்கும் சொல்லாமல் வாருங்கள். "போன வாரப் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். எத்தனை பேருக்குத் திறந்தது என்பதை வெளியிடுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். எங்களுக்கு அன்று சம்பளப் பட்டுவாடா.