ஊசி போட்டால் நாட்டம் மாறுமா?

பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளை நம்பி ஆனேக்கல் தாலுகாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வயது வந்த பையன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விட்டால், இந்த வீடுகளில் முதலில் ஜாதகத்தைப் பார்ப்பார்கள். அடுத்து குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வார்கள். பையனுக்குப் பெண்கள் மேல் நாட்டம் இல்லை, ஆண்கள் மேல்தான் நாட்டம் என்பது எப்படியோ தெரிய வந்துவிட்டாலோ, "ஹார்மோன் கோளாறு, நாலு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் லாட்ஜ் வைத்தியர் கைக்குப் போகிறது.

ஹார்மோன் என்பது உடம்பிலுள்ள சுரப்பிகள் ரத்தத்தில் விடும் ரசாயனப் பொருள். ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன், பெண்ணுக்கு ஈஸ்ட்ரஜன் என்று பிரித்துச் சொன்னாலும், இரு பாலார் உடம்பிலும் இரண்டும் உண்டு. மீசை முளைப்பதும், குரல் உடைவதும், ஆசை கிளம்புவதும் அதன் வேலைதான். ஆனால் ஆசை எவ்வளவு என்பது வேறு. ஆசை யார் மேல் என்பது வேறு. என்ஜினில் நீராவி கூடினால் வண்டி வேகமாகப் போகும். ஓசூர் போகிற வண்டி அதனால் மைசூர் பாதைக்குத் திரும்பிவிடாது. ஆண்களை விரும்பும் ஆண்களுக்கு ஆண் ஹார்மோன் குறைவு என்பது பழைய கணக்கு. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால், மற்ற ஆண்களுக்கு உள்ள அளவே பொதுவாக அவர்களுக்கும் இருக்கிறது.

இதை ஊசி மருந்தாலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. எலெக்ட்ரானிக் சிட்டி ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்ததுதான். அங்கே ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடும் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்துக்கு அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயர். ஓர் ஆணோடு உறவு வைத்திருந்த குற்றத்துக்காக 1952-ல் அவர் தண்டிக்கப்பட்டார். ஜெயிலா, ஹார்மோன் சிகிச்சையா என்று கேட்டபோது சிகிச்சைக்குச் சம்மதித்தார். ஓராண்டு காலம் பெண் ஹார்மோன் கொடுத்தார்கள். மார்பு பெருத்தது, ஆண்மை குன்றியது. நாட்டம் மட்டும் பெண்கள் பக்கம் திரும்பவில்லை. 1954-ல் தமது 41-வது வயதில் சயனைடு விஷத்தால் அவர் இறந்தார். தற்கொலை என்று விசாரணையில் முடிவாயிற்று. பிரிட்டிஷ் அரசி அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2013-ல்! செத்தவருக்கு மன்னிப்பு எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

ஆண் ஹார்மோனைக் கொடுத்தும் பார்த்தார்கள். 1940-களில் அமெரிக்க டாக்டர்கள் இந்த முயற்சியில் இறங்கினார்கள். பலருக்கு ஆசையின் வேகம் கூடியது, திசை மாறவில்லை. இதில் இன்னொரு விபரீதம் உண்டு. ஆண் ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால், உடம்பு தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், விந்தணுவும் குறைந்துபோகும். பேரப்பிள்ளை வேண்டும் என்று ஊசி போட அழைத்துப் போகும் பெற்றோர், எதற்கு ஆசைப்பட்டார்களோ அதற்கே உலை வைக்கிறார்கள்.

அப்படியானால் ஹார்மோனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு என்பதற்குச் சில தடயங்கள் இருக்கின்றன. ஆனால் அவை காட்டுவது தாயின் வயிற்றில் இருக்கும் காலத்தை. அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறு உள்ள பெண் சிசுக்கள் கருவிலேயே அதிக ஆண் ஹார்மோனுக்கு ஆளாகின்றன. வளர்ந்த பின் அவர்களில் பெண்களை விரும்புகிறவர்கள் மற்றப் பெண்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறார்கள். எனினும் பெரும்பாலோர் ஆண்களையே விரும்புகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன்மார் அதிகம் உள்ள ஆண்களிடம் தன்பாலின ஈர்ப்பு சற்றுக் கூடுதல் என்று 1996-ல் கனடா ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்தக் கூடுதலும் சொற்பமே. நாலு அண்ணன் உள்ளவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பெண்களை விரும்புகிறவர்களே. 2019-ல் 4 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்து, இதற்கென்று தனி ஒரு மரபணு கிடையாது என்று அறிவித்தார்கள். பல காரணங்கள் கூடிப் பிணைந்த விஷயம் இது. தாயின் வளர்ப்பு சரியில்லை என்று மாமியார்கள் சுமத்தும் குற்றத்துக்கு மட்டும் எந்த ஆராய்ச்சியிலும் சாட்சியம் இல்லை.

சட்டத்தின் நிலையையும் தெரிந்துகொள்வது நல்லது. வயது வந்தோர் மனமொப்பி வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந்தேதி தீர்ப்பளித்தது. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் சேர்ந்து வாழ விரும்பி வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் போலீசில் புகார் செய்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் ஐகோர்ட்டை நாடினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே தெளிவு போதாது என்று திறந்த கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். இப்படிச் செய்யும் நீதிபதிகள் அபூர்வம். 2021 ஜூன் 7-ந்தேதி அவர் பிறப்பித்த உத்தரவில், இந்த நாட்டத்தை வைத்தியத்தால் மாற்ற முயல்வது தடை செய்யப்பட்டது. அது தமிழ்நாட்டு உத்தரவு, அத்திப்பள்ளி எல்லைக்கு இப்பால் செல்லாது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கும் பதில் இருக்கிறது. அதே வழக்கைத் தொடர்ந்து, இத்தகைய சிகிச்சை டாக்டர் தொழிலுக்கு மாறான நடத்தை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எல்லா மாநில மருத்துவ கவுன்சில்களுக்கும் எழுதிவிட்டது. கர்நாடகமும் அதில் அடக்கம்.

ஊசி பலிக்கவில்லை என்றதும் பெற்றோர் கையில் எடுக்கும் கடைசி மருந்து கல்யாணம். "ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்." தர்மபுரிப் பக்கமோ கிருஷ்ணகிரிப் பக்கமோ விஷயம் தெரியாத ஒரு குடும்பத்தில் பெண் எடுக்கிறார்கள். அந்தப் பெண் ஊரை விட்டு, பாஷை தெரியாத இடத்தில், ஒற்றை அறை வாடகை வீட்டுக்கு வருகிறாள். கணவன் ஏன் விலகியே படுக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. குழந்தை இல்லை என்ற பழி மட்டும் அவள் தலையில் விழுகிறது. பையனைப் பற்றி இரக்கப்படுகிறவர்கள்கூட இவளை மறந்துவிடுகிறார்கள். மகன் வாய்விட்டுச் சொன்ன பிறகும் இந்தக் கல்யாணத்தை முடித்து வைப்பது, இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குச் செய்யும் மோசடியன்றி வேறில்லை.

பிள்ளை கலங்கி நின்றால், பெற்றவர்களுக்கு மனம் ஆறவில்லை என்றால், ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. கூலிக்காரனும் போய் வரக்கூடிய அரசாங்க ஆஸ்பத்திரி அது. நாட்டத்தை மாற்ற அங்கே மருந்து கேட்டுப் பயனில்லை. பிள்ளையின் பயத்துக்கும், பெற்றோரின் தூக்கமின்மைக்கும் டாக்டர்களிடம் வழி கேட்கலாம். காசு வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்று பதிவு பெற்ற டாக்டர் ஒருவர் சொன்னால், கர்நாடக மருத்துவ கவுன்சிலில் அவர் மேல் புகார் கொடுக்கலாம். ஆண்மை விருத்திக்கு மருந்து என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டுவதற்கோ 1954-ம் வருடத்துச் சட்டமே தடை போட்டிருக்கிறது.