ஆறரை மணிக்கு மேல பாட்டு கிடையாது

ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர்னு நம்ம பக்கத்துல எந்தக் காலேஜ் கல்ச்சுரல்ஸுக்குப் போனாலும் பேண்டோட அமைப்பு ஒண்ணுதான். கிட்டார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் பசங்க. நடுவுல ஒரு பொண்ணு வந்து ஒரு மெலடி பாடி, கைதட்டு வாங்கிட்டு இறங்கிடும். பேண்டுக்கு என்ன பேரு, எந்தப் பாட்டு, எந்த ஸ்கேல்? எதையும் அந்தப் பொண்ணு முடிவு பண்ணியிருக்காது. அது வெறும் 'ஃபீமேல் வாய்ஸ்'.

இந்த நேரத்துல உங்களுக்கு கார்டெல் மெட்ராஸ் பத்திச் சொல்லணும். சென்னையில் பிறந்து, கனடாவின் கால்கரி நகரத்துல வளர்ந்த ரெண்டு சகோதரிகள்: பிரியா ரமேஷ், பாக்யா ரமேஷ். மேடையில் கான்ட்ரா, எபோஷி. ரெண்டு பேரும் தாங்கள் க்வியர்னு ஒளிவுமறைவில்லாமச் சொல்றவங்க. 2018-ல் 'ட்ராபிஸ்தான்', 2019-ல் 'ஏஜ் ஆஃப் த கூண்டா', 2021-ல் 'தி செர்பென்ட் அண்ட் த டைகர்' வெளியாச்சு. தங்கள் இசைக்கு அவங்களே வச்ச பேரு 'கூண்டா ராப்'. ஆமா, நம்ம குண்டர் சட்டத்துல வர்ற அதே குண்டாதான்.

"இது ராப்தானே, ராக் எங்கே?"ன்னு நம்ம காலேஜ் மெட்டல் ரசிகர்கள் கேட்பாங்க. 2019-ல் இவங்களை ஒப்பந்தம் பண்ணின லேபிள் சியாட்டிலின் சப் பாப். 1989-ல் நிர்வானாவோட முதல் ஆல்பத்தை வெளியிட்டது அதே லேபிள்தான். உங்க டி-ஷர்ட்டுல இருக்கிற பேண்டுக்குக் கதவு திறந்த இடம், மெட்ராஸ்னு பேரு வச்ச ரெண்டு பொண்ணுங்களுக்கும் திறந்திருக்கு.

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. ராப்புல ஆம்பளைங்களுக்குன்னே எழுதிக் கொடுத்த மாதிரி ஒரு தோரணை உண்டு, அந்தத் திமிரும் அலட்டலும் ஆசையும். சகோதரிகள் அதைக் கெஞ்சிக் கேட்டு வாங்கலை. நேரா அந்த நாற்காலியிலயே போய் உட்கார்ந்துட்டாங்க.

"கனடாவுல நடக்கும், இங்க நடக்குமா?"ங்கிறவங்களுக்கு பெத் டிட்டோ. காஸிப் பேண்டோட பாடகி, லெஸ்பியன். அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்துல சர்சி பக்கம் வளர்ந்தவர். சர்சி ராஜபாளையத்தைவிட ரொம்பச் சின்ன ஊர். சர்ச்சும் கட்டுப்பாடும் அதிகம் உள்ள பகுதி. அங்கிருந்து ஒலிம்பியா நகரத்துக்குப் போய்த்தான் 1999-ல் பேண்ட் உருவாச்சு. ஒரே பாலினத் திருமணத்தைத் தடுக்க அமெரிக்க அரசியலமைப்பையே திருத்தப் பார்த்தப்போ, அதை எதிர்த்து எழுதின பாட்டு 'ஸ்டாண்டிங் இன் த வே ஆஃப் கண்ட்ரோல்', 2006. அந்தத் திருமணம் அங்கே நாடு முழுக்கச் சட்டப்படி செல்லுபடியானது 2015-ல். பாட்டு ஒன்பது வருஷம் முன்னாடி வந்துடுச்சு. 2016-ல் பேண்ட் கலைஞ்சது, திரும்பச் சேர்ந்தது, 2024-ல் புது ஆல்பமும் வந்துச்சு.

நம்ம பக்கம் அப்படி யாரும் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. மதுரையைச் சேர்ந்த ரெண்டு பெண்கள் சேர்ந்து வாழறதுக்காகச் சென்னைக்குப் போனாங்க. வீட்டுல 'காணவில்லை'ன்னு போலீஸ்ல புகார் கொடுத்தாங்க. பெண்கள் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயத்தைப் புரிஞ்சுக்க முதல்ல தானே ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உட்கார்ந்தார். அப்புறம் 2021 ஜூன் 7 அன்னைக்கு உத்தரவு போட்டார். அந்த வழக்கோட தொடர்ச்சியாத்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களோட பட்டியலை அரசிதழ்ல வெளியிட்டுச்சு. க்வியருக்கு 'பால்புதுமையர்'னு அழகான சொல்லும் புழக்கத்துல இருக்கு. மதுரை நமக்கு ஒரு பஸ் தூரம். சொல்லும் இருக்கு, ஆளும் இருக்கு. மேடைதான் இல்லை.

"யார் யாரை விரும்பினா என்ன, திறமை போதாதா, அதை ஏன் மைக்ல சொல்லணும்?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். நியாயம் மாதிரித்தான் தெரியுது. ஆனா நாம பாடுற பத்துப் பாட்டுல எட்டு, யாரு யாரை விரும்புறாங்கங்கிறதுதானே? பையன் 'அவள்'னு உருகும்போது அதை அறிவிப்புன்னு யாரும் சொல்றதில்லை. ஒரு பொண்ணு 'அவள்'னு பாடினா மட்டும் அறிவிப்பு ஆயிடுது. அதனால பலர் 'நீ'ங்கிற சொல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கிறாங்க. 'வந்தாய்', 'பார்த்தாய்'ல ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது. 'வந்தாள்'னு முடிச்சா அந்த 'ள்' காட்டிக் கொடுத்துடும். ஒரு முழுக் காதல் பாட்டையே 'நீ'க்குள்ள பதுக்கி எழுதுறவங்க நம்ம க்ளாஸ்லயே இருக்கலாம்.

இத்தனைக்கும் நம்ம ஊர் எந்த ஊரு? தன் ஆசையைத் தன் வாயாலயே பாடி, மனுஷனைக் கட்டிக்க மாட்டேன்னு சொன்ன ஒரு பொண்ணைத் தெய்வமா வச்சிருக்கிற ஊரு. மார்கழி விடியற்காலையில ஸ்பீக்கர் கட்டி அவ பாட்டைக் கேட்கிறோம். (ஆண்டாளை க்வியர்னு நான் சொல்லலை, சண்டைக்கு வராதீங்க. ஒரு பொண்ணு பாட்டுல தன் விருப்பத்தைச் சொல்றது இந்த மண்ணுக்குப் புதுசில்லைன்னு மட்டும்தான் சொல்றேன்.)

பேண்டுக்குத் திறமையைவிட முக்கியமா வேண்டியது நேரம். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹாஸ்டல்ல, பேர் வேண்டாம், பொண்ணுங்களுக்கு இன்-டைம் ஆறரை, பசங்களுக்கு ஒன்பது. நாலரைக்கு க்ளாஸ் முடிஞ்சு, டீ குடிச்சு, கிட்டாரை ட்யூன் பண்ணும்போது அஞ்சேகால். ஆறேகாலுக்குக் கிளம்பணும். ஒரு மணி நேரத்துல மெலடி ஒண்ணு பழகலாம். சொந்தப் பாட்டு எழுதி, சொதப்பி, சண்டை போட்டு, மறுபடி எழுத முடியாது. டே-ஸ்காலர் நிலைமை இன்னும் மோசம், காலேஜ் பஸ் யாருக்காகவும் நிக்காது.

அதனால மியூசிக் கிளப்புக்கு ஒரு கோரிக்கை. வாரத்துல ரெண்டு நாள், எட்டு மணி வரைக்கும், ப்ராக்டிஸ் ரூம் சாவி பொண்ணுங்க கையில இருக்கட்டும். வார்டன் மேடம் வேணும்னா கூட வந்து உட்காரட்டும். டிரம்ஸ் சத்தம் அவங்களுக்கும் பழகட்டும். உள்ள இருக்கிறவங்க யாரு, யாரை நினைச்சுப் பாடுறாங்கன்னு யாரும் விசாரிக்க வேண்டாம். வரிகளை அவங்களே எழுதட்டும், 'ள்' போட்டாலும் சரி.

சாவி கிடைக்கிற வரைக்கும் கார்டெல் மெட்ராஸோட 'கூண்டா கோல்டு' கேளுங்க. ஹெட்ஃபோன் கட்டாயம். வீட்டு ஹால்ல போட்டுட்டு என்னைத் திட்டாதீங்க.