தடுப்பூசியும் தோள் காயமும்

தடுப்பூசியைத் தோளின் உச்சியை ஒட்டிக் குத்தினால், மருந்து தசையைத் தப்பி மூட்டைச் சார்ந்த திசுக்களில் இறங்கக்கூடும். வலி பல மாதம் நீடித்தலும் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், எவருடைய கவனக்குறைவையும் மெய்ப்பிக்காமலே இதற்கு நஷ்ட ஈடு கோரலாம். 2017இல் இக்காயம் ஈட்டு அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஊசியிட்ட 48 மணி நேரத்திற்குள் வலி தோன்றியிருத்தல் வேண்டும். தடுப்பு மருந்தின்மீது விதிக்கப்படும் வரியே இதற்கு நிதி.

குற்றம் மருந்தினுடையதன்று, குத்திய முறையினுடையது என்னும் வாதத்தின்பேரில், 2021 ஜனவரியில் இதனை நீக்க விதி செய்தனர். சில மாதங்களில் அவ்விதி கைவிடப்பட்டது. கைவிட்டதே முறை. ஊரில் நோய் பரவாதிருக்கத் தோள் கொடுத்தவர், பிழை எவருடையது என்று வழக்காடி அலைதல் நியாயமன்று.

எனினும், ஈட்டினும் சிறந்தது காப்பு. தோளெலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே ஊசியிடும் ஊழியர், வலியையும் வழக்கையும் ஒருங்கே தவிர்க்கின்றனர்.