சுவரின் பின்புறம்

மாத்தளை மலைச்சரிவில் வீடோ விடுதியோ எழுந்து, கூரையும் வர்ணமும் முடிந்த பிறகுதான் முற்றவேலைக் கொந்தராத்துக்காரரை அழைப்பது வழக்கம். கையிலிருந்த பணம் அதற்குள் கரைந்திருக்கும். வாசலில் கல் பதிக்க வேண்டும். புல் பரப்ப வேண்டும். பின்னால் வெட்டிய மண்மேட்டுக்குக் கருங்கல்லில் ஒரு தாங்குசுவர் எழுப்ப வேண்டும். மூன்று பேரிடம் விலை கேட்கிறார்கள். குறைத்துச் சொன்னவருக்கு வேலை. இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் நம் கனவான்கள். சரிவில் கட்டிய சுவருக்குக் கீழே யாரோ குடியிருக்கிறார்கள் என்ற நினைவு அவர்களுக்கு வருவதேயில்லை.

அந்தச் சுவரின் பின்னால் நடப்பது என்ன? காய்ந்த மண் சுவரை அவ்வளவாக நெருக்குவதில்லை, தள்ளுவது நீர். 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னே நீர் முழுமையாகத் தேங்கினால், நீளத்தில் ஒவ்வொரு மீட்டரையும் அந்த நீர் மட்டுமே சுமார் 4½ டன் பலத்துடன் தள்ளுகிறது. ஆகவே பின்புறம் சல்லிக்கல் நிரப்பி, அடியில் நீர் வடியக் குழாய் வைத்து, முகப்பில் துளைகள் விட்டு, மேலே கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிட வேண்டும். இவற்றில் பெரும்பகுதி வேலை முடிந்த மறுநாள் யார் கண்ணுக்கும் படாது. விலையைக் குறைத்தவர் எதைக் குறைப்பார்? புல்லைக் குறைத்தால் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். சல்லியைக் குறைத்தால் மழைதான் கண்டுபிடிக்கும்.

கண்ணுக்குப் படாத இன்னொன்றும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டியது 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். சட்டப்படி நடக்கிற கொந்தராத்துக்காரர் 100 ரூபாய் கூலிக்கு 115 ரூபாய் கணக்கிட வேண்டும். கணக்கிட்டவர் கணக்கிடாதவரிடம் வேலையை இழக்கிறார். நட்டம் யாருக்கு? லயத்திலிருந்து கல் சுமக்க வருகிற இளைஞனுக்கு. அவனுடைய முன்னோர் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து, விழுந்தவர்களை வழியிலேயே விட்டு, மாத்தளைக்கு வந்தவர்கள். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் சரிவுகளில் கல்லடுக்கிக் கான் வெட்டியவர்கள்.

இந்த மாவட்டத்துக்கு இது தெரியாத வித்தையுமல்ல. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் சீகிரியாவில் அமைத்த பூங்காவில், நிலத்தடி வழியே வரும் நீர் மழைக்காலத்தில் இன்றும் ஊற்றாகப் பீச்சுகிறது. அரண்மனை அழிந்தது, மண்ணுக்கடியில் போட்ட வேலை நிற்கிறது. பயணிகள் என்னவோ ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். மாத்தளை மாவட்டத்திலும் மலைகள் சரிந்தன. மலையே பெயர்ந்து வரும்போது எந்த முற்றத்துச் சுவரும் தடுத்திராது, உண்மை. ஆனால் இடிந்தவற்றைத் திரும்பக் கட்டுகிற வேலையும் குறைந்த விலைக்காரருக்கே போகுமானால், அடுத்த இடிபாட்டுக்கு நாமே நாள் குறிக்கிறோம்.

நம் முற்போக்கு நண்பர்கள் சிலர், “கொந்தராத்துக்காரன் புதுக் கங்காணிதானே, அவனுக்கு ஏன் பரிந்து பேசுகிறீர்?” என்பார்கள். கங்காணி ஆள் கணக்குக்குத் தலைக்காசு வாங்கினான். நாலு பேரோடு தாமும் நின்று சாந்து குழைத்து, சிமெந்தைக் கடனுக்கு வாங்கி, செய்த வேலையின் பணத்துக்கு மாதக்கணக்கில் பிறர் வாசலில் நிற்கிறவர் கங்காணி அல்லர். அவர் தொழிலாளியின் நிதியைத் திருடினால் தண்டிக்கத்தான் வேண்டும். அந்தத் திருட்டு இல்லாமல் கட்டுப்படியாகாத விலையைக் கேட்டு வாங்கியவரை எந்தக் கூண்டில் நிறுத்துவது?

விலைப்பத்திரத்தில் கூலியும் அதற்குரிய 15 வீதமும் பேரம் பேசக்கூடாத தனி வரியாக நிற்க வேண்டும். சல்லியையும் குழாயையும் மூடுமுன் வீட்டுக்காரர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அரசாங்க வேலையானால் அதிகாரி இடட்டும். உத்தரவாதமென்று பிடித்து வைக்கும் பணம் குறித்த நாளில் கைக்கு வர வேண்டும். இவற்றுக்குக் கீழே விலை சொல்வதில்லை என்று மாத்தளையின் சிறு கொந்தராத்துக்காரர்களும் மேசன்மாரும் கூலியாட்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கலாம், யாரும் தடுக்கவில்லை. செலவு ஏறிவிடுமே என்பார்கள். ஏறும். புல்லைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும்.